மடியில் இரண்டு பல்புகள்

சுப்பையனுக்குச் சந்தேகம் என்பது வெற்றிலைப் பழக்கம் மாதிரி. காலையில் எழுந்ததும் ஒன்றை எடுத்து வாயில் அதக்கிக்கொண்டால் படுக்கப் போகும்வரை மென்றுகொண்டே இருப்பார். பால் சொசைட்டிக்காரர் பாலின் தரம் பார்க்கும் மானியைப் பாலுக்குள் விட்டால் இவர் பாலைப் பார்க்க மாட்டார், மானியைத்தான் உற்றுப் பார்ப்பார். மழை பெய்தால்கூட, பக்கத்துக் காட்டில் முதலில் பெய்ததா நம் காட்டிலா என்று விசாரித்துவிட்டுத்தான் சந்தோஷப்படுவார். சேந்தமங்கலம் பக்கத்தில் அவரை 'நோட்டக்காரர்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். யார் யார் சொல்கிறார்கள் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் உண்டு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. ஒன்றே ஒன்று மட்டும் சிரிக்க முடியாதது. எழுபத்து மூணாம் வருசம் மோகனூரிலிருந்து மாமனாருக்கு உடம்பு முடியவில்லை, உடனே வரவும் என்று தந்தி வந்தபோது, இவர் அதையும் நம்பவில்லை. நிலத்துக்குக் கையெழுத்து வாங்க மச்சினன் போடுகிற நாடகம் என்று நினைத்து, ஓர் ஆளை அனுப்பி உண்மைதானா என்று பார்த்துவரச் சொன்னார். ஆள் போய்த் திரும்புவதற்குள் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். பெற்ற மகள் சௌந்திரம் போய்ச் சேர்ந்தபோது சிதைதான் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிச் சௌந்திரம் புருசனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததால் அவர் அதை மறந்தும் போனார்.

எழுபத்து நாலாம் வருசம் சித்திரையில் அந்த மச்சினன் காளியண்ணன் பஸ் ஏறி வந்தான். கையில் பழைய வேட்டியில் சுற்றிய மூட்டை. பிரித்தால் இரண்டு கார் விளக்குகள். சாப்பாட்டு வட்டல் அகலம், பித்தளை வளையம், கனத்த கண்ணாடி. மாமனாரின் பழைய ஃபோர்டு காரில் பெரிய விளக்குகளுக்கு முன்னால் தனியாக மாட்டியிருந்த வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்கள். கார் என்ஜின் போய், கோழி அடைகிற இடமாகிக் கடைசியில் பழைய இரும்புக்குப் போய்விட்டது. விளக்குகளை மட்டும் காளியண்ணன் கழற்றி வைத்திருந்தான்.

"வைகாசியில எனக்குக் கல்யாணமுங்க மச்சான். அப்பாதான் இல்ல. இந்த வெளக்கையாச்சும் உங்க மோரிஸ் காருல மாட்டிக்கிட்டு அக்காளோட வாங்க. மாப்பிள்ள அழைப்புக்கு அந்த வண்டிதான் முன்னால வரோணும். அப்பறம் வெளக்கு அக்காளுக்கே இருக்கட்டும்."

சௌந்திரம் பித்தளை வளையத்தை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் கண்ணீர் அதன்மேலேயே விழுந்தது. அவனுக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளுமாகக் கூறைச் சேலையை ஆளுக்கொரு முனை பிடித்து நிற்கும் இணைச்சீருக்கு அவள்தான் நிற்க வேண்டும். அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவள், அந்த வீட்டில் தம்பிக்குப் பக்கத்தில் அப்படியொரு தரம் நின்றுவிட்டால் போதும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

சுப்பையனுக்கோ மூக்கில் வேர்த்தது. சும்மா எதற்குக் கொடுக்கிறான்? இந்த விளக்கோடு அக்காளின் பாத்தியதையை முடித்துவிடப் பார்க்கிறானா? ஆனாலும் விளக்குகள் அழகாக இருந்தன. சந்தேகத்தை ஒரு கையிலும் விளக்குகளை மறு கையிலும் எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்குப் போனார்.

பரமத்தி ரோட்டில் லாரி பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவே பக்ருதீனின் எலெக்ட்ரிக் கடை. லாரிகளுக்கு மத்தியில் அந்த மோரிஸ், எருமைக் கூட்டத்தில் நுழைந்த ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. மாமனாரின் ஃபோர்டுக்கு இருபது வருசம் ஒயரிங் பார்த்தவர் பக்ருதீன். விளக்கைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவே சுப்பையனுக்கு இரண்டாவது சந்தேகம். மச்சினனுக்கு வேண்டியவன்.

சுப்பையன் ஒரு லாரி டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பம்பர் தாங்காது என்று மட்கார்டுக்கு மட்கார்டு பட்டை இரும்பு ஒன்றை வளைத்துப் போட்டார் பக்ருதீன். விளக்கின் போல்ட் உட்காரும் இடத்தில் பட்டையின் பெயின்டை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஏம் பாய், நல்ல பெயின்டை எதுக்குச் சொரண்டறீங்க?"

"இரும்பு இரும்பைத் தொட்டாத்தான் எர்த் கெடைக்குமுங்க அண்ணா. இல்லீன்னா வெளக்கு மினுக்கும்."

"ஒயரு ஏன் இத்தன மொத்தம்?"

"ஆறு வோல்ட் வண்டி. கரண்டு நெறைய இழுக்குமுங்க. மெல்லிசா ஓட்டுனா சூடேறிப் பத்திக்கும்."

பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேரே ஒரு ஒயர், ஸ்டியரிங்குக்குக் கீழே இழுத்தால் எரிகிற சுவிட்ச் ஒன்று, அங்கிருந்து ரேடியேட்டர் ஓரமாக இரண்டு விளக்குக்கும் தனித்தனி ஒயர். சாவி இல்லாமலே எரியுமா என்று கேட்டார் சுப்பையன். எரியும், உங்கள் மாமனார் வண்டியிலும் அப்படித்தான் என்றார் பக்ருதீன். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்கண்ணா. இந்த வண்டி டைனமோ சின்னது. இது ரெண்டும் பேட்டரியக் குடிக்கிற வெளக்குங்க. என்ஜின் ஓடறப்ப மட்டும் போடுங்க. நின்ன வண்டியில போடாதீங்க. ஊட்லயும் சொல்லி வெய்யுங்க."

சுப்பையன் தலையை ஆட்டினார். வீட்டில் சொல்லவில்லை. எதையும் வீட்டில் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை, சொன்னால் அது எந்தக் காதுக்குப் போய்ச் சேருமோ என்ற பயம்.

வீட்டுக்கு வந்த அன்று சௌந்திரத்துக்கு மட்டும் சுவிட்சை இழுத்துக் காட்டினார். கார் கொட்டகைக்கு எதிரே இருந்த வைக்கோல் போர் பொன்னாக மின்னியது. சௌந்திரம் குங்குமம் எடுத்துவந்து இரண்டு வளையத்திலும் பொட்டு வைத்தாள். "எங்கப்பா பொழுதெறங்குனா மொதல்ல இதத்தானுங்க போட்டுக் கும்புடுவாரு. அப்பறந்தான் ஊட்டு வெளக்கு" என்றாள். சுப்பையன் காதில் அது விழவில்லை. இரண்டு விளக்கும் ஒரே அளவு எரிகிறதா, பாய் ஒன்றில் மட்டும் மட்டமான பல்பைப் போட்டுவிட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து, சந்தைக்குக் கிளம்பினால் வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துவிட்டது. பண்ணையாட்கள் தள்ளினார்கள். நாமக்கல்லுக்குப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு வாரத்தில் மறுபடியும் முனகல். சுப்பையனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல பேட்டரியைப் பாய் மாற்றிவிட்டார். அடுத்த தடவை சார்ஜுக்கு விடும்போது பேட்டரியின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டுவைத்தார். திரும்பி வந்த பேட்டரியில் கீறல் அப்படியே இருந்தது. அதுவும் அவருக்கு ஆறுதலாக இல்லை. கீறலைப் பார்த்துப் பார்த்து வேறொன்றில் அதே மாதிரி போட்டிருக்கலாம் அல்லவா?

கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. சாயங்காலம் மும்முனைக் கரண்ட் வருகிற நேரத்தில் அவர் கிணற்றுமேட்டுக்குப் போய் மோட்டார் போட்டாக வேண்டும், அதனால் பொழுது இறங்கும் வேளையில் வீட்டில் இருக்க மாட்டார். திரும்பியதும் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பூட்டு பூட்டியபடி இருக்கும். பேட்டரி மட்டும் இளைத்துக்கொண்டே போகும்.

கடைசியில் பக்ருதீன் கடையில், நாலு டிரைவர்கள் நிற்கும்போது, குரலை உயர்த்தினார். "மச்சினனும் நீங்களும் சேந்துக்கிட்டு என்ன வெளையாட்டு பாய் இது?"

பக்ருதீன் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டர் வைத்துக் காட்டினார். எங்கும் கசிவு இல்லை. "அண்ணா, வண்டி நிக்கறப்ப யாரோ வெளக்குப் போடறாங்க. வேற வழியே இல்லீங்க."

"பூட்டுன கொட்டாயில எவன் போடுவான்?"

"ஊட்ல கேட்டுப் பாருங்க."

சுப்பையனுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ர ஊட்டப் பத்தி நீங்க பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பக்ருதீன் மீட்டரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். முகம் மட்டும் சுருங்கிப்போயிற்று. அவரும் அந்தக் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சுப்பையனுக்கு ஒரு யோசனை உதித்தது. அவரே தன் முதுகைத் தட்டிக்கொள்ள வேண்டிய யோசனை. காலையில் சேந்தமங்கலத்திலேயே பேட்டரிக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றினார். மத்தியானம் யாரும் பார்க்காதபோது விளக்குகளின் பித்தளை வளையத்தைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு பல்புகளையும் உருவி, வளையத்தை மறுபடி மாட்டிவிட்டார். இனி எவன் சுவிட்சை இழுத்தாலும் எரியாது. அப்படியும் பேட்டரி செத்தால் பாய் திருடன். சாகாவிட்டால் எவனோ ஒருவன் வருகிறான். பல்புகளை வீட்டில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு கிணற்றுமேட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது வீடு இருட்டாகக் கிடந்தது. விளக்கு வைக்கவில்லை. கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது. கார் இருந்தது, சௌந்திரம் இல்லை. பக்கத்து வீட்டுக் குப்பாயி ஓடிவந்தாள்.

"அக்கா மோகனூருக்கு பஸ் ஏறிட்டாங்க சாமி. அழுதுக்கிட்டே ஓடுனாங்க. தம்பிக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னாங்க."

"தந்தி கிந்தி வந்துதா?"

"ஒண்ணும் வல்லீங்க. காரு வெளக்கு எரியலியாமா. தெனமும் பொழுதெறங்குனா கொட்டாயத் தொறந்து அதப் போட்டுக் கும்புட்டுட்டுத்தானே ஊட்டு வெளக்கு வெப்பாங்க? வெச்ச வெளக்க ஒடனே அணைக்கக் கூடாதுன்னு, மாட்டுக்குத் தண்ணி காட்டி முடிச்சு வந்துதான் அமத்துவாங்க. இன்னைக்கு இழுத்து இழுத்துப் பாத்தும் எரியலியாமா. எங்கப்பன் என்னமோ சொல்றாருன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டாங்க."

சுப்பையன் நின்ற இடத்திலேயே நின்றார். இந்த ஒரு மாதத்தில் மச்சினன், பாய், பாயின் கையாள், பண்ணையாட்கள், சார்ஜ் கடைக்காரன், சந்தையில் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆட்டு வியாபாரி எல்லாரையும் அவர் சந்தேகப்பட்டாயிற்று. சாவி தொங்கிய சமையலறையில் நடமாடியவளை மட்டும் நினைக்கவே இல்லை. காரில் ஏறி ஸ்டார்ட்டரை இழுத்தார். முதல் இழுப்பிலேயே கிளம்பிற்று.

மோகனூரில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தார்கள். காளியண்ணன் குத்துக்கல்லாட்டம் நல்லபடியாக இருந்தான். ஆனால் வீட்டில் சிரிப்பில்லை. சௌந்திரம் பின்கட்டில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள்.

"நான் நிக்க மாட்டேன். செல்லாயி நிக்கட்டும்" என்றாள். செல்லாயி சித்தப்பன் மகள். "ஒரு மாசமா எரிஞ்ச வெளக்கு சீருக்கு நாள் வந்ததும் அவிஞ்சுபோச்சு. தம்பிக்கு ஒண்ணும் ஆகல. அப்படீன்னா அந்தச் சகுனம் எனக்குத்தான். அப்பா மொகத்தப் பாக்க நான் நேரத்துக்கு வரல. அவருக்கு எம்மேல கோவம். கோவத்தோட நான் கூறையத் தொட்டா இவன் வாழ்க்க என்னத்துக்காகும்?"

"அக்கா, அப்பாவுக்கு உம்மேல என்னக்கா கோவம்?" என்று காளியண்ணன் அவள் காலைப் பிடித்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். கூறைச் சேலை இருந்த கூடையைச் செல்லாயியின் கையில் கொடுத்தே விட்டாள். செல்லாயி அதை நெருப்பு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுப்பையன் வாசற்படியில் நின்று இதைக் கேட்டார். வந்துவிட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. காளியண்ணன்தான் எழுந்து வந்தான்.

"மச்சான், வண்டிய எடுத்துக்கிட்டு வந்தீங்களா? பாய் இங்கதான் இருக்காரு. வெளக்குல என்ன கோளாறுன்னு பாத்துடலாம். அது எரிஞ்சாத்தான் அக்கா எந்திரிப்பா."

கரண்ட் போனால் பந்தலுக்கு வெளிச்சம் வேண்டுமென்று இரண்டு லாரி பேட்டரிகளோடு அன்றே வந்து இறங்கியிருந்தார் பக்ருதீன். சுப்பையனின் முகத்தைப் பார்க்காமல் அவர் காருக்குப் போனார். ஸ்குரூ டிரைவரால் பித்தளை வளையத்தைத் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். அடுத்ததையும் திறந்தார்.

"ரெண்டுலயும் பல்பு இல்லீங்க. யாரோ உருவியிருக்காங்க."

கூட்டம் சலசலத்தது. காளியண்ணனின் பெரியப்பா சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "உருவறதுக்கு ஊட்டுக்குள்ளாற எவன் போவான்? கடைசியா இதுல கை வெச்சது யாரு? பாயிதான? பழைய சாமானுக்கு இப்ப நல்ல கிராக்கியாமே."

நாலைந்து தலைகள் பக்ருதீன் பக்கம் திரும்பின. பக்ருதீன் டார்ச்சை அணைத்தார்.

சுப்பையனுக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரிந்த பேச்சு. ஒரு மாதமாகத் தன் வாயில் மென்றதைத்தான் இன்னொருவர் துப்புகிறார். இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். திருட்டு என்று ஆகிவிடும், சகுனம் என்பது போய்விடும், சௌந்திரம் எழுந்துவிடுவாள், புதுப் பல்பு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். யாரும் இவரைச் சந்தேகப்பட மாட்டார்கள். மடியில் பல்புகள் ஒன்றோடொன்று உரசுவது அவருக்கு மட்டும் கேட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மடியை அவிழ்த்தார். துண்டைப் பிரித்துக் கையை நீட்டினார். உள்ளங்கையில் இரண்டு பல்புகள்.

"நாந்தான் உருவுனேன்" என்றார். "பாய் பேட்டரிய மாத்திப்போட்டாருன்னு நெனச்சேன். மாப்பிள்ளையும் கூட்டுன்னு நெனச்சேன். வேவு பாக்கறதுக்காக உருவுனேன். மாமாவுக்குக் கோவமும் இல்ல, சகுனமும் இல்ல. எல்லாம் என்ர புத்தி."

சுப்பையன் பல்புகளைப் பக்ருதீனிடம் நீட்டினார். பக்ருதீன் வாங்கவில்லை.

"வேண்டாங்கண்ணா. கழட்டுன கையே மாட்டட்டும்."

ஊரே பார்க்க, குனிந்து பல்பை மாட்டினார் சுப்பையன். முதல் பல்பு இரண்டு தடவை நழுவியது. அதற்குள் சௌந்திரம் பின்கட்டிலிருந்து வந்து நின்றிருந்தாள். அவர் சுவிட்சை இழுத்தார். வாழை மரமும் பந்தல் காலும் மனித முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. அவள் கும்பிடவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"ஒரு மாசமா பேட்டரி பேட்டரின்னு மொனகுனீங்களே. அந்த வெளக்கப் போட்டா பேட்டரி போகும்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"யாரு போடறதுன்னு கேட்டீங்களா?"

"உன்னைய மட்டும் நான் சந்தேகப்படலே சௌந்திரம். ஊர்ல எல்லாத்தையும் பட்டேன். உன்னையப் படலே."

"பட்டிருக்கலாமுங்க" என்றாள் சௌந்திரம். "பட்டிருந்தா என்னையக் கூப்பிட்டுக் கேட்டாச்சும் இருப்பீங்க. அன்னைக்குத் தந்தி வந்தப்பவும் என்னையக் கேக்கலே. எங்கப்பனுக்கு நெசமாவே முடியலயான்னு எங்கிட்டக் கேட்டிருந்தா, கார்த்திகை மாசத்துல இருந்தே அவருக்கு இருமலுன்னு சொல்லியிருப்பேன். நேரத்துக்குப் போயிருப்பேன்."

அந்தத் தந்தியை அவள் இத்தனை நாளும் சுமந்துகொண்டிருந்தது அப்போதுதான் சுப்பையனுக்கு உறைத்தது. சௌந்திரம் விளக்குகளைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு செல்லாயியின் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டாள். "சீரு முடியற வரைக்கும் வெளக்கு அவியக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதை யாரிடம் சொன்னாள் என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்னால் மோரிஸைப் பந்தலுக்கு நேரே நிறுத்தினார்கள். என்ஜின் ஓடினால்தான் பேட்டரி தாங்கும், சும்மா ஓடினாலும் போதாது, கொஞ்சம் வேகமாகவே ஓட வேண்டும் என்றார் பக்ருதீன். ஆக்சிலேட்டரை மிதித்தபடி சுப்பையன் உட்கார்ந்துவிட்டார். பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியிருந்த காலம். அதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. உள்ளே மங்கல வாழ்த்துச் சொல்கிற குரல் கேட்டது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கூட்டத்தின் முதுகுகள்தான் தெரிந்தன. மாப்பிள்ளையும் தெரியவில்லை, சௌந்திரமும் தெரியவில்லை.

சின்னண்ணன் காருக்குப் பக்கத்தில் வந்து ஜன்னலில் கை வைத்தார். "ஏனுங் மாப்பிள, இங்கயே குக்கி உக்காந்துட்டீங்க? இணைச்சீரு நடக்குது. உள்ள வந்து ஒரு நோட்டம் பாக்க வேண்டாமா, சரியாச் செய்யறாங்களான்னு?"

"அவ சரியாத்தான் செய்வா" என்றார் சுப்பையன், மிதித்த காலை எடுக்காமல்.